மணக்கடவுக் கணக்கை யார் பார்க்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

அரசாங்கக் கணக்குகளைப் பொதுமக்கள் இணையத்தில் பார்ப்பது குறித்துச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எல்லையோர ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமோ தெலுங்கோ என்று வாழ்பவர்களுக்கு இந்தப் பொருளில் கேள்விகள் மிகுதியாக இருப்பது இயல்புதான். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, எங்கள் பாசனம் பரம்பிக்குளம் – ஆழியாறு தண்ணீரை நம்பியது. தமிழ்நாடு கொடுத்துவிட்டோம் என்கிறது. கேரளம் வரவில்லை என்கிறது. உண்மையில் எவ்வளவு வந்தது என்பதை எங்களைப் போன்றவர்கள் பார்க்க வழி இருக்கிறதா?
– தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை

உங்கள் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம், திறந்த தரவை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அரசு தானே வெளியிடும் கணக்குகளை, விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது என்பதுதான். 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் இரு மாநிலங்களின் பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரையிலான ஒரு நீராண்டில் எல்லையோர மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி தண்ணீர் வந்து சேர வேண்டும். இரு மாநிலப் பொறியாளர்களும் அமர்ந்திருக்கும் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் இதை மேற்பார்வை செய்கிறது. ஆக, அளவு எடுக்கப்படுகிறது, எழுதப்படுகிறது, இரு தரப்பாலும் பார்க்கப்படுகிறது. அந்தத் தண்ணீரை வயலில் பாய்ச்சுகிறவர் மட்டும் செய்தித்தாளில் அறிக்கைப் போரைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 86,400 கன அடி. 725 கோடியை ஆண்டு முழுதும் சமமாகப் பிரித்தால் சராசரியாக வினாடிக்கு ஏறக்குறைய 230 கன அடி வரும். இந்தத் திட்டத்தில் பங்கீட்டைப் பதினைந்து நாள் கணக்காகப் பேசுவது நெடுநாள் வழக்கம். பதினைந்து நாளும் 230 கன அடி ஓடினாலும் சரி, முதல் ஏழு நாள் ஒரு சொட்டும் வராமல் அடுத்த எட்டு நாள் 430 கன அடி ஓடினாலும் சரி, பதினைந்தாம் நாள் எழுதும் கூட்டுத்தொகை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இரண்டாம் போகத்துக்கு நாற்றங்கால் விட்டவருக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் நாற்று நிற்கும், இரண்டாவதில் கருகிய பிறகு வெள்ளம் வரும். தமிழ்நாடு கொடுத்தோம் என்பதும், நீங்கள் வரவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பாருங்கள். அணைக்கட்டின் ஓரத்தில் அடியும் அங்குலமும் வரைந்த அளவுப் பலகை நிற்கும். அதில் தண்ணீர் தொடும் மட்டத்தை ஓர் ஊழியர் படித்துப் பதிவேட்டில் எழுதுவார். இந்த மட்டத்துக்கு இவ்வளவு கன அடி என்று முன்பே தயாரித்து வைத்த அட்டவணையைப் பார்த்து, மட்டம் ஓட்டமாக மாற்றப்படும். நாள் ஓட்டங்கள் கூட்டப்பட்டு அறிக்கையாகும். அறிக்கை கூட்டத்தில் வைக்கப்படும். கூட்டத்தின் முடிவு செய்தியாகும். ஒவ்வொரு படி ஏறும்போதும் விவரம் ஒரு பங்கு உதிர்ந்துவிடுகிறது. உச்சியில் நிற்கும் கூட்டுத்தொகையை வெளியிட்டுவிட்டு வெளிப்படையாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எல்லாத் துறைகளிலும் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது அடிவாரத்தில் இருக்கும் அந்தப் பலகையின் வாசிப்பை.

கேட்கும் வழி இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கேரள நீர்ப்பாசனத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, “1-7-2024 முதல் 30-6-2025 வரை மணக்கடவு அணைக்கட்டில் நாள்தோறும் பதிவான நீர்மட்டம், அதிலிருந்து கணக்கிட்ட வினாடிக் கன அடி, மட்டத்தை ஓட்டமாக மாற்றும் அட்டவணை ஆகியவற்றைக் கணினியில் உள்ளபடியே எக்செல் கோப்பாகத் தர வேண்டுகிறேன்” என்று எழுதுங்கள். “தண்ணீர் ஏன் வரவில்லை” என்று எழுதாதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது, இருக்கும் ஆவணத்துக்குத்தான் கிடைக்கும். மின்னணு வடிவில் பெறும் உரிமையைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு தெளிவாகவே தருகிறது. 2005-இல் எழுதிய சட்டம் என்பதால் அங்கே டிஸ்கெட், ஃபிளாப்பி, வீடியோ கேசட் என்றெல்லாம் வரும். பயந்துவிட வேண்டாம், “வேறு எந்த மின்னணு முறையிலும்” என்ற சொற்களும் கூடவே இருக்கின்றன. தகவல் வேறொரு அலுவலகத்தில் இருந்தால் மனுவை 5 நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவர்களின் கடமை. ஆற்று நீர் ரகசியம் என்று யாராவது சொன்னால், 2018-இல் மத்திய அரசு வகுத்த நீரியல் தரவுக் கொள்கை சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களுக்குத்தான் ரகசிய முத்திரையை வைத்திருக்கிறது, நம் தென்னாட்டு ஆறுகளுக்கு அன்று என்பதை நினைவூட்டலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மணக்கடவில் வந்த தண்ணீர் கேரள எல்லைக்குள் மூலத்தறை என்ற தடுப்பணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களில் பிரிந்து, கடைமடையில் உள்ள உங்கள் தோப்புக்கு எவ்வளவு வந்தது என்பதை மணக்கடவுப் பலகை சொல்லாது. அதற்கு உங்கள் மதகுக்கு அருகில் நீங்களே ஒரு மரப்பலகையில் அங்குலக் கோடு போட்டு நட்டு, காலை ஏழு மணிக்கு ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து, தேதியோடு நோட்டில் எழுதி வரலாம். கன அடிக் கணக்கு வராவிட்டாலும், தண்ணீர் வந்த நாள் எது, வராத நாள் எது என்பதாவது வரும். அரசின் நாள்கணக்கு கைக்கு வரும் அன்று பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா? பழி மணக்கடவுக்கு மேலேயா, மூலத்தறைக்குக் கீழேயா என்பது அப்போது தெரியும். கீழே என்று தெரிந்தால் சண்டை போட வேண்டிய அலுவலகம் பொள்ளாச்சிப் பக்கம் இல்லை, பாலக்காட்டுச் சித்தூரிலேயே இருக்கிறது.

எங்கள் கல்லூரித் திட்டப் பணிக்காக அரசு இணையதளங்களைப் பார்த்தேன். எல்லாமே பி.டி.எஃப். கோப்புகளாக இருக்கின்றன. விவரம் கிடைக்கிறதே, இது போதாதா? திறந்த தரவு என்று தனியாக எதற்கு?
– மாணவி, வாளையாறு

படிப்பதற்குப் போதும், எண்ணுவதற்குப் போதாது. வலையை வடிவமைத்த டிம் பெர்னர்ஸ் லீ 2010-இல் இதற்கு நட்சத்திர மதிப்பெண் வைத்தார். எந்த வடிவிலாவது தடையற்ற உரிமத்தோடு இணையத்தில் போட்டால் ஒரு நட்சத்திரம். கணினி கட்டம் கட்டமாகப் படிக்கும் எக்செல் ஆனால் இரண்டு. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத, காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பான சி.எஸ்.வி. ஆனால் மூன்று, அதற்கு மேல் இன்னும் இரண்டு. நம் நாட்டிலும் 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்து, அதே ஆண்டு மத்திய அரசின் திறந்த தரவுத் தளமும் தொடங்கப்பட்டது. கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே வர வர ஒரு நட்சத்திரத்துக்கே தடுமாற்றம்.

என் அனுபவம் ஒன்று. ஓர் அலுவலகத்திடம் சாலைப் பணிகளின் பட்டியலைக் கேட்டிருந்தேன். கணினியில் எக்செல்லாக இருந்த பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து, பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்க, குறுந்தகட்டில் தந்தார்கள். முத்திரை விழுந்த இடத்தில் சரியாகத் தொகை மறைந்திருந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முத்திரை இல்லாத தாள் செல்லாது என்ற பழக்கம்தான். அதே கட்டில் இருந்த சில தமிழ்ப் பக்கங்கள் ஸ்கேன் செய்யப்படாதவை என்று மகிழ்ந்து, எழுத்துகளை நகல் எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டியது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ் 16 முறையையும் கணினித் தமிழுக்கான எழுத்துத் தரமாக அறிவித்த பிறகும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டுப் பழகிய விரல்கள் உடனே மாறிவிடவில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தப் பக்கத்தில் “சாலை” என்று தேடினால் கணினி ஒரு சாலையையும் காணாது.

வடிவம் என்பது அழகு சார்ந்த விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது தேர்தல் பத்திரங்களின் கதையை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்து விவரங்களை வெளியிடச் சொன்னது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இரண்டு பட்டியல்கள் வந்தன: ஒன்றில் பத்திரம் வாங்கியவர்கள், மற்றொன்றில் பணமாக்கிய கட்சிகள். பெயரும் தேதியும் தொகையும் பக்கம் பக்கமாக இருந்தும், யார் கொடுத்தது யாருக்குப் போனது என்பது மட்டும் தெரியவில்லை. காரணம், இரண்டு பட்டியல்களையும் இணைக்கும் பத்திர எண் என்ற ஒரே ஒரு நெடுவரிசை அங்கே இல்லை. நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பிறகு, மார்ச் 21 அன்று அந்த எண்களோடு பட்டியல் வந்தது. வெளிவந்த சில மணி நேரத்திலேயே நாடு முழுதும் செய்தியாளர்களும் மாணவர்களும் இரண்டையும் பொருத்திவிட்டார்கள். பக்கங்களின் எண்ணிக்கை பெருகியதால் வந்த வெளிச்சமன்று அது. ஒரு கட்டம் நிரம்பியதால் வந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பட்டியலைக் கணினியில் தேடக்கூடிய எழுத்து வடிவில் தர வேண்டும் என்று தொடுத்த வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. படக் கோப்பாகவே பட்டியல் தொடர்கிறது. கோடிக்கணக்கான பெயர்களை ஒரே அழுத்தலில் யாரும் அள்ளிச் செல்லலாம் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். களியக்காவிளை வாசகருக்கான பதிலில் இதற்கு மீண்டும் வருகிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் இருக்கிறதே, பிறகு திறந்த தரவு எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

கேட்டால் கொடுப்பது முந்தையது. கேட்காமலே வைத்திருப்பது பிந்தையது. மக்கள் இந்தச் சட்டத்தை நாட வேண்டிய தேவையே மிகக் குறைவாக இருக்கும்படி அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது. தமிழ்நாடு 1997-இலேயே, நாட்டுக்கு முன்பாக, ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது என்பது நமக்குப் பெருமைதான். அதில் விதிவிலக்குகள் மலிந்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை அளவாக நிற்கும்.

நூறு நாள் வேலையில் காலையும் மாலையும் செயலியில் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். இனி யாரும் ஏமாற்ற முடியாது என்கிறார்களே, உண்மைதானா?
– விவசாயக் கூலித் தொழிலாளர், சத்தியவேடு

உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்களே சந்தேகக் குறி போட்டிருக்கிறீர்கள். அது சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட அந்தச் செயலியைப் பற்றி, ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்களை ஏற்றுவது, ஏற்கெனவே எடுத்த படத்தையே மீண்டும் படமெடுப்பது, படத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் பதிவில் இருக்கும் எண்ணிக்கையும் ஒவ்வாமல் இருப்பது, ஒரே ஆட்கள் பல வருகைப் பதிவுகளில் தோன்றுவது என்று முறைகேடுகளின் வகைகளை அதில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஏமாற்றும் கை காகிதத்தை விட்டுக் கைப்பேசிக்கு மாறிக்கொண்டது, அவ்வளவுதான். நெட்வொர்க் கிடைக்காத மலையடிவாரத்தில் உண்மையாகவே மண் சுமந்தவருக்கோ, படம் ஏறாததால் அன்றைய கூலி சிக்கிக்கொண்டது.

படத்தை யார் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. டெல்லியில் இருப்பவர் பார்த்தால் பத்துப் பேர் நிற்பது தெரியும். அந்தப் பத்துப் பேர் யார் என்பது உங்கள் தெருக்காரருக்குத்தான் தெரியும். இதைக் கண்டுபிடித்தவர்கள் கணினி வல்லுநர்கள் அல்லர். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பினர் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் கூலிப் பதிவேட்டை ஊரார் நடுவே உரக்கப் படித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு பெற்றார் என்று படித்ததும், கூட்டத்தில் இருந்தவர்களே எழுந்து அது பொய் என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அந்தப் படிப்பில்தான் இருக்கிறது. அதை அரசாங்கமே எடுத்து நடத்தியது உங்கள் ஆந்திரத்தில்தான். வேலை உறுதித் திட்டத்தின் பதிவேடுகளை வீடு வீடாகச் சரிபார்த்துக் கிராம சபையில் படிக்கும் சமூகத் தணிக்கைக்கென்று 2009-இல் ஒரு தனி அமைப்பையே உருவாக்கினார்கள். நாட்டில் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன முறை அது.

நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை இயற்றியிருக்கிறது. திட்டத்தின் பெயரும் தளத்தின் முகப்பும் எப்படி மாறினாலும், உங்கள் ஊராட்சியின் வருகைப் பதிவேட்டைத் தளத்திலிருந்து அச்சிட்டு வாங்கி, தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வெளியூருக்கு மணமாகிப் போன பெண்ணின் பெயரும், இறந்தவரின் பெயரும் வந்தால் முதலில் சிரிப்பு எழும். பிறகு எழுவதற்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலைப் பஞ்சாயத்தில் மலையாளத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். தகவல் மனுவைத் தமிழில் எழுதலாமா?
– தோட்டத் தொழிலாளியின் மகள், மூணாறு

சட்டத்தில் இரண்டு இடங்களில் மொழி வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. மனுவைப் பற்றிச் சொல்லும் 6-ஆம் பிரிவு, ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சி மொழியிலோ எழுதலாம் என்கிறது. கேரளத்தின் ஆட்சி மொழிகள் மலையாளமும் ஆங்கிலமும். ஆகவே தமிழ் மனுவை ஓர் அலுவலர் திருப்பினால் வாதாடிக்கொண்டிருப்பதில் நாள்தான் போகும். நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். அம்மாவே நேரில் போய் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவதும் அந்த அலுவலரின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது. இதைப் பலரும் அறிவதில்லை.

ஆனால் அலுவலகங்கள் தாமாக வெளியிடுவதைப் பற்றிச் சொல்லும் 4-ஆம் பிரிவு ஆட்சி மொழி என்று சொல்லவில்லை. “உள்ளூர் மொழி” என்கிறது, அந்தப் பகுதியில் மக்களை நன்கு சென்றடையும் முறையைக் கருத வேண்டும் என்கிறது. மூணாற்றின் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், உள்ளூர் மொழி எது என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. எனவே தகவல் மனுவை ஆங்கிலத்திலும், பட்டியலைத் தமிழிலும் ஒட்ட வேண்டும் என்ற கோரிக்கையைத் தமிழிலும் தனித்தனியாகக் கொடுங்கள். குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை நாட்டிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அலுவலருக்கும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பு சொல்கிறது. இரண்டாவது விண்ணப்பத்துக்கு அதுவே துணை.

என் தாத்தாவின் நிலம் ஆந்திர அரசின் நிலப் பதிவுத் தளமான மீபூமியில் அவர் பெயரில் கிடைக்கவே இல்லை. பழைய பத்திரத்தில் பெயர் தமிழில் இருக்கிறது. என்ன செய்வது?
– விசைத்தறி நெசவாளர், நகரி

பெயரை விட்டுவிட்டுப் புல எண்ணைப் பிடியுங்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் நகரி ஆந்திரப் பக்கமுமாகப் பிரிந்தபோது பதிவேடுகளின் மொழியும் பிரிந்தது. தமிழில் எழுதிய பெயரைத் தெலுங்கில் ஒருவர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். பிறகு கணினிமயமாக்கியவர் அதை ஆங்கிலத்தில் தம் விருப்பப்படி எழுதியிருப்பார். ‘ழ’ இருக்கும் பெயர்களின் கதியைச் சொல்லவே வேண்டாம். ஊர்ப் பெயர்களுக்கும் இதே தொல்லை வருகிறது என்பதால்தான் மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு நிலையான எண் கொடுத்திருக்கிறது. எந்த மொழியில் எப்படி எழுதினாலும் எண் மாறாது. மாவட்டம், மண்டலம், கிராமம் தேர்ந்தெடுத்து, பத்திரத்தில் உள்ள புல எண்ணைக் கொடுத்து அடங்கலைப் பாருங்கள். உட்பிரிவு மாறியிருந்தால், பழைய எண்ணுக்கு நேர் புதிய எண் எது என்ற பதிவை மண்டல அலுவலகத்தில் தகவல் மனுவாகக் கேட்கலாம். ஆந்திர விதிகளின்படி கிராம அளவில் கட்டணம் இல்லை, மண்டல அளவில் 5 ரூபாய்.

எல்லாவற்றையும் திறந்து வைத்தால் எங்கள் பெயர், கைப்பேசி எண், கடன் எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடாதா?
– கடை உரிமையாளர், களியக்காவிளை

தெரியக் கூடாது. கணக்குக் காட்ட வேண்டியது அரசாங்கம், குடிமகன் அல்லன். மானியம் பெற்றவரின் பெயரும் ஊரும் தொகையும் தெரிவது பொதுப்பணத்தின் தணிக்கைக்கு வேண்டும். அவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் ஒருவருக்கும் வேண்டாம். முன்பெல்லாம் சில துறைகள் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவைத்தன என்பது உண்மையே.

ஆனால் இப்போது எனக்குள்ள கவலை மறுபக்கத்தில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1) பிரிவில் தனிநபர் தகவல் பற்றிய உட்பிரிவைச் சுருக்கிவிட்டது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தகவலை மறுக்கலாம் என்று முன்பு இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆகியிருக்கிறது. நாடாளுமன்றத்துக்குத் தர மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற அழகிய வரியும் அதோடு போய்விட்டது. ஒப்பந்ததாரரின் பெயர்கூடத் தனிநபர் தகவல்தானே என்று ஓர் அலுவலர் சொன்னால் என்ன செய்வீர்கள்? பொது நலன் பெரிதானால் விலக்கு இருந்தாலும் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொது நலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுவது இனி நல்லது.

எங்கள் ரேஷன் கடையில் மாதத் தொடக்கத்தில் போனாலும் புழுங்கலரிசி வரவில்லை என்கிறார்கள். வந்ததா இல்லையா என்பதை எப்படி அறிவது?
– இல்லத்தரசி, வேலந்தாவளம்

இதற்கு மனுவே வேண்டாம். கடைப் பலகையில் ஏ.ஆர்.டி. எண் என்று ஒன்று எழுதியிருக்கும்; அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேரள அரசின் இ-போஸ் (ரேஷன் கடை விற்பனைக் கருவிக் கணக்கு) தளத்தில் இருப்புப் பதிவேடு என்ற பகுதியில் மாதத்தையும் மாவட்டத்தையும் தேர்ந்து, அந்தக் கடை எண்ணைக் கொடுத்தால், பொருள்வாரியாகத் தொடக்க இருப்பு, வந்தது, விற்றது, மீதி என்று வரும். உங்கள் அட்டை எண்ணைக் கொடுத்தால் உங்கள் பெயரில் எந்தத் தேதியில் எவ்வளவு விற்றதாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும் வரும். மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று அட்டைக்கு அட்டை ஒதுக்கீடு வேறுபடும் என்பதால், பக்கத்து வீட்டு அட்டையோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

மீதிக் கட்டத்தில் அரிசி இருக்கிறது, கடையில் இல்லை என்றால், உடனே கடைக்காரரிடம் குரலை உயர்த்த வேண்டாம். வரவு பதிவான தேதியைப் பாருங்கள். கணினியில் வரவு வைத்துவிட்டு லாரி ஒரு நாள் கழித்து வருவதும் உண்டு. இரண்டு நாள் விட்டு மீண்டும் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால், அந்தத் திரையைத் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, சித்தூர் வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தளம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் கண்ணில் படும் என்று தயங்கியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.